முந்நூறு மிட்டாயும் ஒன்பது பிள்ளைகளும்

ஒன்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு முந்நூறு மிட்டாய் வாங்கிக்கொண்டு போனவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் நான் செய்த கூத்தெல்லாம் உங்களுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியாது என்று ஒரு நப்பாசை.

அம்பத்தூரில் மிட்டாய்க் கடைக்காரர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கத்தான் செய்தார். "கிராமத்துப் பள்ளிக்கூடம்ப்பா, மரத்தடியிலகூட உக்காந்திருக்கும்" என்று பெரிய மனிதனாகச் சொன்னேன். மூன்று பொட்டலம், அறுநூறு ரூபாய். கடைக்காரரே ஒரு துணிப்பையும் இலவசமாகக் கொடுத்தார்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன் சும்மா இருக்கக் கூடாதென்று நான் ஒரு பேச்சு தயாரித்து வைத்திருக்கிறேன். தலைப்பு: 'வளர்ந்த நாடு: இன்னும் எத்தனை தூரம்?' பேச்சின் சாரம் எளிது. உலகத்திலேயே அதிகம் பேர் வாழும் நாடு நம்முடையது; எங்கே பார்த்தாலும் கூட்டம்; இந்தக் கூட்டம் மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டால் மறுநாள் காலை நாம் வளர்ந்த நாடு. எங்கள் அடுக்ககத்து மூத்தோர் மன்றத்தில் இதற்கு நல்ல கைதட்டல். பேச்சு முடிந்துதான் டீ என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் இருப்பவரின் அக்காள் ஜமீலா டீச்சர், தென்காசிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை. தம்பி சொல்லி, அவர்தான் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளையளுக்கு ரெண்டு வார்த்த சொல்லணும் சார்" என்றார் போனில். எத்தனை பிள்ளைகள் என்று நானும் கேட்டேன். "வாங்க சார், நேர்லயே பாத்துக்கிடலாம்" என்றார். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நான் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை. எழும்பூரில் முந்தின நாள் இரவு ஏறிய ரயில் தென்காசியில் இறக்கிவிட்டபோது, மழை என்றும் சொல்ல முடியாத, மழை இல்லை என்றும் சொல்ல முடியாத ஒன்று முகத்தில் விழுந்தது. மேற்கே மலையைப் பாதிக்கு மேல் காணவில்லை. ஜூன் மாதத்தில் சட்டைக்குள் குளிர் நுழைவது சென்னைக்காரனுக்கு ஏதோ சலுகை கிடைத்தது போல.

ஸ்டேஷன் வாசலில் டீச்சர் ஓர் ஆட்டோவோடு நின்றிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், வெள்ளைத் துப்பட்டி, கையில் மைக். ஆட்டோவின் தலையில் குழாய் ஒலிபெருக்கி, முதுகில் 'உங்கள் பிள்ளையை நம் பள்ளியில் சேருங்கள்' என்று பேனர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னை வரவேற்கத்தான் ஒலிபெருக்கி என்று நினைத்துவிட்டேன். ஓட்டுநர் மாடசாமி என் பையை வாங்கித் தூக்கிப் பார்த்து, "கல்லா சார்?" என்றார். மிட்டாய் என்றேன். அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மலையைப் பார்த்தார்.

குத்துக்கல்வலசையைத் தாண்டி, ஸ்டேஷனிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில் ஒரு சின்ன ஊர். பள்ளி விடுமுறை, ஆனாலும் எனக்குக் காட்டவென்று திறந்து வைத்திருந்தார்கள். என் பேச்சின் நாலாம் பக்கத்தில் ஒழுகும் கூரை, உடைந்த பெஞ்சு, கழிப்பறை இல்லாத அவலம் என்று உருக்கமாக ஒரு பத்தி உண்டு. இங்கே தரை முழுக்க டைல்ஸ். சுவரில் பெரிய டிவி. சுத்திகரித்த குடிநீர். கழிப்பறை எங்கள் மன்றத்துக் கழிப்பறையைவிடச் சுத்தம். நாலாம் பக்கத்தை மனதுக்குள் கிழித்தேன்.

சமையலறை அலமாரியில் காலை உணவுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். ஒன்பது தட்டு. பக்கத்தில் ஒன்பது டம்ளர்.

"மிச்சத் தட்டெல்லாம் எங்கே டீச்சர்?"

"அம்புட்டுத்தான் சார்."

நான் மிட்டாய்ப் பையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் நகர்த்தினேன். முந்நூறு மிட்டாயை அப்படி மறைக்க முடியாது.

பிறகுதான் விஷயம் முழுவதும் வந்தது. பத்துப் பிள்ளைகளாவது இல்லாவிட்டால் இந்தப் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலை எண்ண ஆள் வருகிறார். பெயர் எழுதியிருப்பது கணக்கில்லை, உட்கார்ந்திருக்கும் தலைதான் கணக்கு. பக்கத்து ஊர் தூரமில்லை; ஆனால் நடுவில் லாரி பறக்கும் பெரிய ரோடு. இந்த ஒன்பதும் தோட்ட வேலைக்கும் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கும் விடிவதற்குள் கிளம்பிப் போகிறவர்களின் பிள்ளைகள். ரோட்டைக் கடத்திவிட வீட்டில் ஆள் கிடையாது. "பாதிப் பிள்ளைய வீட்லயே நின்னுரும் சார்" என்றார் டீச்சர்.

பள்ளிக்கூடத்தின் தரம் சரியில்லையோ என்று நாசூக்காக இழுத்தேன். டீச்சர் சிரித்தார்.

"நல்லாப் படிக்க வச்சோம் சார், அதான் காலியாப் போச்சு. என் மவனே இங்கனதான் ஒண்ணாப்பு. இப்ப தோஹாவுல இன்ஜினியர். அவன் பிள்ளைய இங்க கொண்டாந்து சேக்கவா முடியும்?"

உடம்பில் சாரல் பட்டதைவிட இது குளிர்ந்தது. பள்ளி தோற்று மூடிப்போவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஜெயித்ததால் மூடிப்போவதை என் பேச்சின் எந்தப் பக்கமும் எதிர்பார்க்கவில்லை.

என்னைக் கூப்பிட்டது பேசுவதற்கு மட்டுமல்ல என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, பெரிய வேலை பார்த்து, பென்ஷன் வாங்கும் ஓர் ஆள் நேரில் வந்து நின்றால் பெற்றோர் மசிவார்கள் என்று டீச்சரின் திட்டம். கண்காட்சிக்குக் கொண்டுபோகும் பூசணிக்காய் போல என்னை முன் சீட்டில் மாடசாமிக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

முற்பகல் முழுக்கக் குத்துக்கல்வலசையின் புதுத் தெருக்கள். அடடா, என்ன வீடுகள்! மூன்று மாடி, கண்ணாடிச் சுவர், வாசலில் பளிங்கில் வீட்டின் பெயர், கார் நிறுத்த இடம். கார் இல்லை. ஆளும் இல்லை. தெருவுக்குத் தெரு பூட்டு. வளர்ந்த நாடு எப்படி இருக்கும் என்று நான் மேடையில் வர்ணிப்பேனே, அகன்ற தெரு, அழகான வீடு, கூட்டம் கிடையாது, சத்தம் கிடையாது என்று, அது அப்படியே எதிரே இருந்தது.

ஒரு வீட்டில் மணியை அழுத்தினேன்.

"யாரு? என்ன வேணும்?" என்றது சுவர்.

நான் பின்னால் தாவியதில் வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். "செடியில உக்காராதீங்க" என்றது சுவர். மேலே ஒரு கேமரா என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

டீச்சருக்கு இதெல்லாம் பழக்கம் போலிருக்கிறது. கேமராவைப் பார்த்து, "நாந்தான் தம்பி, ஜமீலா டீச்சர்" என்றார். சுவரின் குரல் சட்டென்று பாதி வயதுக்கு இறங்கியது. "டீச்சரா? நல்லாருக்கீங்களா டீச்சர்?" பழைய மாணவன். ஷார்ஜாவில் அலுவலக இடைவேளையில் இருந்தான். பிள்ளை எங்கே படிக்கிறான், இன்னொன்று உண்டா என்று டீச்சர் விசாரிக்க, ஒன்றுக்கே அங்கே செலவு தாங்கவில்லை என்றது சுவர். ஊருக்குத் திரும்பும் எண்ணம் உண்டா என்றும் டீச்சர் கேட்டார். அதற்குச் சுவர், "டீச்சர், மாடியில டேங்க் வழியுதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுதீங்களா?" என்று கேட்டது.

மாடசாமி எட்டிப் பார்த்து வழியவில்லை என்றார். ஷார்ஜாவுக்கு நிம்மதி.

வண்டியில் திரும்பி ஏறும்போது மாடசாமியிடம் அவர் பிள்ளை எங்கே படிக்கிறான் என்று சும்மா கேட்டேன். ஒலிபெருக்கியில் 'நம் பள்ளி, நம் பெருமை' போய்க்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, "வேன் ஸ்கூல்லதான் சார்" என்றார். மஞ்சள் வேன் வந்து கூட்டிப்போகும் இங்கிலீஷ் மீடியத்துக்கு இங்கே அதுதான் பெயர். "வண்டி ஓட்டுதது தொழிலு. பிள்ள படிப்பு வேற. டீச்சருக்கும் தெரியும், கேட்டுப் பாருங்க." டீச்சர் தெருப் பக்கம் திரும்பி மைக்கில் அடுத்த வரியைத் தொடர்ந்தார்.

தெருக் கடைசியில் ஒரு வீட்டிலிருந்து மட்டும் சத்தம் வந்தது. டைல்ஸ் அறுக்கும் மிஷின். கட்டி முடியாத மூன்று மாடியின் கீழ்த்தளத்தில், பின்னால் வரவேற்பறை ஆகப்போகிற இடத்தில், கொடியில் துணி காய்ந்தது. அடுப்பு புகைந்தது. திலீப் என்ற டைல்ஸ் மேஸ்திரி, அவர் மனைவி, பிங்கி என்ற ஆறு வயதுப் பெண். ஜார்க்கண்டிலிருந்து வந்து நாலு வருடம். ஒரு வீட்டைப் பதித்து முடிக்கும் வரை அதற்குள்ளேயே குடியிருப்பு, பிறகு அடுத்த வீடு. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் வாழ்ந்து பார்த்த குடும்பம் இது ஒன்றுதான்.

பிங்கி ஒரு நாயை விரட்டிக்கொண்டிருந்தாள். "ஏலே, அங்கன போவாத. சிமெண்டு காயல."

ஜார்க்கண்டுப் பிள்ளை வாயில் அசல் நெல்லைத் தமிழ். டீச்சரின் முகத்தில் விளக்கு எரிந்தது. அப்பாவிடம் பேசும் பொறுப்பை நான் ஏற்றேன். என் இந்தி நாக்பூரில் இரண்டு வருட உத்தியோகத்தில் பாதியில் நின்றுபோன இந்தி. திலீப் கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டுவிட்டு, "தமிழ்ல சொல்லு சார்" என்றார். கார்த்திகை வரை இங்கே வேலை இருக்கிறது, அடுத்ததும் இதே பக்கம்தான், சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிங்கி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: வேன் வருமா? தினமும் காலையில் மஞ்சள் வேனுக்கு டாட்டா காட்டுவாளாம். பள்ளிக்கூடம் இங்கிருந்தே தெரிகிறதே, நடந்தே வந்துவிடலாம் என்று டீச்சர் சமாதானம் சொன்னார். நான் இரண்டு கை நிறைய மிட்டாய் கொடுத்தேன்.

பத்து! ஆட்டோவில் டீச்சர் மைக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்தார். மாடசாமி மூன்று டீ வாங்கினார், முப்பத்தாறு ரூபாய். நாட்டைக் காப்பாற்றிவிட்ட ஆள் போல நான் உறிஞ்சினேன்.

ஞாயிற்றுக்கிழமை. குற்றாலம், தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். பேரருவிக்குக் கொஞ்ச தூரம் முன்பே வண்டி நின்றுவிட்டது. கூட்டம். நேற்று ஊரெல்லாம் தேடிக் கிடைக்காத இந்தியா முழுக்க இங்கே ஜட்டியோடு நின்றுகொண்டிருந்தது. கேரளத்துப் பஸ், மதுரை வேன், கோயம்புத்தூர்க் கார். எண்ணெய் தேய்க்கிறவர்கள் என் தொப்பையை ஒரு நிலப்பரப்பாகப் பார்த்து நூற்றைம்பதிலிருந்து இருநூறுக்கு ஏற்றினார்கள். போலீஸ் விசிலுக்கு யாரும் திரும்பவில்லை.

என் பேச்சின் முதல் பக்கத்துக்கு இதைவிடச் சாட்சி கிடைக்காது. ஆனால் நான் நினைத்தது போல அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அருவியின் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நின்ற என்னை, முகம் தெரியாத நாலைந்து கைகள் "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று இழுத்து, தண்ணீர் விழும் இடத்தில் நிறுத்தி, விழாமல் முதுகில் முட்டுக் கொடுத்தன. அந்தக் கூட்டம் இல்லாமல் நான் மட்டும் நின்றிருந்தால் என்னைச் சிற்றாற்றில்தான் தேடியிருப்பார்கள். தலையில் தண்ணீர் இடித்த இடியில் முதல் பக்கமும் கிழிந்தது.

வெளியே வந்து பஜ்ஜிக் கடையில் நின்றபோது திலீப் குடும்பம். வார விடுமுறை. ஈரத் தலையோடு பிங்கி என்னை மேலும் கீழும் பார்த்து, "மொட்டத் தலையில தண்ணி விழுந்தா வலிக்குமா தாத்தா?" என்று கேட்டாள். மிளகாய் பஜ்ஜி ஒரு தட்டு நாற்பது ரூபாய். இரண்டு தட்டு வாங்கினேன். திலீப் மரியாதைக்கு என் குடும்பத்தை விசாரித்தார். பேத்தி உண்டா சார், எங்கே படிக்கிறாள்?

இந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

நான் போனை எடுத்தேன். என் பேத்தி தன் பள்ளி மேடையில் வளர்ப்பு நாயைப் பற்றி இங்கிலீஷில் பேசும் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கழுத்தில் டை, காலில் பளபளவென்று ஷூ. பிங்கி வாங்கி மறுபடி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். திலீப் ஃபீஸ் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். என் வாயிலிருந்து ஏழாம் பக்கம் தானாக வந்து விழுந்தது: "படிப்புக்குச் செலவு பாக்கக் கூடாது திலீப். அதுதான் முதலீடு." திலீப் பஜ்ஜியை மெல்வதை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார். நல்ல காரியம் செய்த திருப்தியில் நான் மூன்றாவது தட்டுக்கும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை. ஒன்பது பிள்ளைகளும் தலைக்கு எண்ணெய் வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவதாக டீச்சர் வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டிலும் பொங்கல் தயாராக இருந்தது. எண்ண வந்தவர் இளைஞர், மரியாதையானவர்; கொஞ்சம் காத்திருக்கிறேன் என்று தானாகவே சொல்லி வராந்தாவில் உட்கார்ந்தார். டீச்சர் வாசலுக்கும் வகுப்புக்கும் நடந்தார். நான் பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் சரிசெய்தேன்.

அப்போது தெருவில் மஞ்சள் வேன் போனது. ஜன்னலில் பிங்கி. கட்டம் போட்ட பாவாடை அவளுடைய பழையதுதான், ஆனால் கழுத்தில் புது டை. எங்களைப் பார்த்து இரண்டு கையாலும் டாட்டா காட்டினாள். ஒன்பது பிள்ளைகளும் எழுந்து பதிலுக்குக் காட்டின. பழக்க தோஷத்தில் நானும் காட்டிவிட்டேன்.

டீச்சர் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். டைல்ஸ் மிஷின் நின்றது. திலீப்பின் குரலில் குற்றவுணர்ச்சியே இல்லை, சந்தோஷம்தான் இருந்தது.

"மேடம், கான்ட்ராக்டர் அட்வான்ஸ் கொடுத்திச்சு. நேத்து சாயங்காலமே சேத்தாச்சு, ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் திறந்திருக்கு. சார்தான் சொல்லிச்சு, படிப்புக்குச் செலவு பாக்கக் கூடாது. சார் பேத்தி மாதிரி நம்ம பிங்கியும் இங்கிலீஷ் பேசும். சாருக்கு நன்றி சொல்லு மேடம்."

டீச்சர் போனை அணைத்தார். என்னைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. மாடசாமியைப் பார்த்தார். மாடசாமியின் மகன் ஒருநாள், ஒரே ஒருநாள் இங்கே வந்து உட்கார்ந்தால் போதும் என்று எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். மாடசாமி குனிந்து ஆட்டோவின் முன்சக்கரத்தில் காற்றுச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் மகனும் அதே வேனில்தான் போய்விட்டிருந்தான்.

எண்ண வந்தவர் எழுந்து ஒருமுறை எண்ணினார். ஒன்பதை எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? டீச்சர் கொடுத்த டீயை முழுவதும் குடிக்காமல், "மேல சொல்லிப் பாக்கேன் டீச்சர், ஆனா நம்பிக்க வைக்காதீங்க" என்று பைக்கில் ஏறினார்.

வராந்தாவில் நின்றபோது எங்கள் அடுக்ககம் ஞாபகம் வந்தது. அங்கே சிறுவர் பூங்காவில் இரண்டு ஊஞ்சல் உண்டு. மாலையில் அதில் மூத்தோர் மன்றத்துக்காரர்கள்தான் உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். என் பேத்தி மாதம் ஒருமுறை வந்தால் ஆட்டிவிட ஆறு தாத்தாக்கள் போட்டி. அதை நான் இதுவரை கூட்டம் குறைவதாகப் பார்த்ததில்லை; ஊஞ்சலில் நமக்கு இடம் கிடைக்கிறதே என்றுதான் பார்த்திருக்கிறேன். நாடு வளர்ந்து முடிக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? ஷார்ஜாவிலிருந்து சுவர் பேசும். தண்ணீர்த் தொட்டி வழிகிறதா என்று கேட்கும். எட்டிப் பார்த்துச் சொல்ல ஒரு மாடசாமி மிஞ்சுவாரா என்று தெரியவில்லை. எண்பது வயதில் என்னை யார் தண்ணீருக்குள் இழுத்து முதுகில் முட்டுக் கொடுப்பார்கள் என்றும் தெரியவில்லை.

பத்தாவது தட்டுப் பொங்கலை டீச்சர் எடுத்து ஒன்பது தட்டுகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வைத்தார். சின்னவன் ஒருவன் இன்னும் கேட்டான், வைத்தார். பிறகு பிள்ளைகளிடம், சென்னையிலிருந்து ஒரு சார் வந்திருக்கிறார், எழுந்து வணக்கம் சொல்லுங்கள் என்றார். ஒன்பது குரல் அந்த டைல்ஸ் தரையில் முட்டித் திரும்பியது.

நான் ஒரு கையில் பேச்சும் ஒரு கையில் துணிப்பையுமாக எழுந்தேன். பேச்சில் முதல், நாலு, ஏழு போக மிச்சப் பக்கங்கள் இன்னும் இருந்தன. அனுமதி கேட்பது நாகரிகம் என்று தோன்றியது.

"டீச்சர், பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லட்டுமா?"

"மிட்டாய மட்டும் குடுங்க சார்."